85 அங்குலத் தலை: அந்தக் காலத்து மட்டை நம் கோர்ட்டில் இன்னும் எடுபடுமா?

பால்மரத்தான் (ஞாயிறு, பகல் 1:20)

நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் டென்னிஸ் ஆடுபவர்கள் குறைவு, பூப்பந்துக்குத்தான் கூட்டம். இருந்தாலும் ஞாயிறு காலையில் பழைய தோட்டக் கோர்ட்டுக்கு வருகிற ஏழெட்டுப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். 1991இல் மேலாளர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, அப்பாவிடம் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். வில்சன் புரோ ஸ்டாஃப் 6.0. தலை, அதாவது நரம்பு கட்டும் பகுதி, 85 சதுர அங்குலம். கிராஃபைட் 80 பங்கும் கெவ்லார் என்ற உறுதியான இழை 20 பங்கும் கலந்த சட்டம். அந்தக் காலத்துச் சாம்பியன்கள் சாம்ப்ராஸ், எட்பெர்க், கூரியர் ஆகியோர் கையில் இருந்த வகை. அப்பா அதை ஒருநாளும் கோர்ட்டுக்குக் கொண்டு போனதில்லை. துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவர் போன பிறகு வீட்டை ஒழுங்கு செய்தபோதுதான் வெளியே எடுத்தேன். பிடியில் சுற்றியிருந்த தோல் மக்கிப்போய், கறுப்புத் தூளாக உள்ளங்கையில் ஒட்டியது.

புதுத் தோல் சுற்றினேன். 58 பவுண்டு இழுவையில் சாதாரணச் செயற்கை நரம்பு கட்டினேன். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 358 கிராம். நான் ஆறு வருடமாக ஆடும் 100 அங்குல மட்டை, நரம்போடு சேர்த்து 318 கிராம்தான்.

மூன்று ஞாயிறு ஆடிவிட்டேன். என் கருத்து இதுதான்: இது காட்சிக்கு வைக்கும் பொருள் அல்ல, இன்றைக்கும் ஆடுவதற்கான மட்டை. வலைக்கு அருகில் நின்று வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது) அடிக்கும்போது கையை வீசவே தேவையில்லை. பந்தின் வழியில் மட்டையைக் கொண்டுபோய் வைத்தால் போதும், பந்து ஆழமாகப் போய் விழுகிறது. பேக்ஹேண்ட் ஸ்லைஸ் (புறங்கைப் பக்கம் பந்தை வெட்டி அடிப்பது) வலையை ஒட்டிப் போய் நம் சிமெண்டுத் தரையில் கணுக்கால் உயரத்துக்கு மேல் எழுவதில்லை. சர்வ் போடும்போது கனம் தானாகவே பந்துக்குள் இறங்குகிறது. 40 கிராம் கூடுதல் என்றாலும் தோள் வலிக்கவில்லை. எடை பிடிப் பக்கம் இருப்பதால் வீசும்போது தலை இழுக்கவில்லை.

என் வயது 52. புது மட்டையைவிட இதில்தான் நன்றாக ஆடுகிறேன் என்று உறுதியாகச் சொல்வேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கோர்ட் ஓரம் (ஞாயிறு, பிற்பகல் 3:05)

அண்ணே, அப்பா வைத்திருந்த மட்டை என்பதால் கையில் எடுக்கும்போதே உங்கள் மனம் நிறைந்திருக்கும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் இதை மறுத்தே ஆக வேண்டும். நாளைக்கு ஒரு பையன் இதைப் படித்துவிட்டுப் பழைய மட்டையைத் தேடிப் போவான்.

முதலில், நீங்கள் யாரோடு ஆடினீர்கள்? இருபது வருடமாக உங்களோடு ஆடுகிற அதே நான்கு பேரோடு. அவர்கள் பந்து எங்கே விழும் என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். என்னிடம் படிக்கும் படிவம் நான்கு (பதினாறு வயது) பையன் டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழற்றி, அடித்தால் பந்து உங்கள் தோளுக்கு எழும். அப்போது தெரியும் 85 அங்குலம் எவ்வளவு சிறியது என்று.

கணக்குப் பார்ப்போம். 100 சதுர அங்குலம் என்பது சுமார் 645 சதுர சென்டிமீட்டர். 85 என்பது 548. நரம்புப் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. பரப்பைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. பந்து நடுவில் படாமல் பக்கவாட்டில் பட்டால் மட்டை கைக்குள் திருகிக்கொள்ளும். அந்தத் திருகலைத் தடுப்பது சட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் உள்ள எடை. அந்த எடை நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடுப்பு கூடும். தலை குறுகினால் தூரம் குறையும். தூரம் சிறிது குறைந்தாலே தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஃபெடரரைப் பாருங்கள். இதே 85இல் தொடங்கியவர், 2002இல் 90க்குப் போனார். டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் 17 பட்டம் அதில் வென்றார். அப்படி வென்றவரே 2014இல் 97க்கு மாறினார். 2017இல் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டத்தில் நடாலின் உயரமான பந்துகளைப் பேக்ஹேண்டில் எழுந்த கையோடு அடித்து வென்றது அந்தப் பெரிய தலையில்தான். அவருக்கே தேவைப்பட்டது நமக்குத் தேவையில்லையா?

பால்மரத்தான் (ஞாயிறு, பிற்பகல் 3:40)

தம்பி, திருகல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்த மட்டையை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரியும். தலையின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், சட்டம் புடைத்துத் தடித்திருப்பதைப் பார்த்திருக்கிறாயா? விரலை ஓட்டினாலே தெரியும். கூடுதல் எடையை அங்கே வைத்திருப்பதே திருகாமல் இருப்பதற்காகத்தான்.

ஃபெடரரைச் சொன்னாய், சாம்ப்ராஸை விட்டுவிட்டாய். 2002 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம். எதிரில் அகாசி, கையில் அகலத் தலை மட்டை. சாம்ப்ராஸ் கையில் 85. யார் வென்றார்? அது அவருடைய 14ஆவது கிராண்ட்ஸ்லாம்.

கோர்ட் ஓரம் (ஞாயிறு, மாலை 4:15)

பாரிசில், பிரெஞ்சு ஓப்பனில் எத்தனை, அண்ணே? ஒன்றுகூட இல்லை. 1996இல் அரையிறுதி வரை போனதுதான் அங்கே அவருடைய உச்சம். களிமண் தரையில் பந்து மெதுவாக வந்து உயரமாக எழும். சிறிய தலைக்கு அது ஆகாது. அவர் அதிகம் வென்றது பந்து தாழ்வாக, வேகமாகப் போகும் தரைகளில். சட்டத்தில் ஈயப் பட்டை ஒட்டி இன்னும் கனமாக்கி, மாட்டுக் குடல் நரம்பை எழுபது பவுண்டுக்கு மேல் இறுக்கி ஆடியவர் அவர். அந்தக் கையும் தோளும் நம்மிடம் இல்லை.

பழைய கிராணி (ஞாயிறு, இரவு 8:30)

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். நீங்கள் பழைய மட்டை என்று சொல்வது எனக்குப் புது மட்டை. நான் ஆடியது மரத்தில்.

எனக்கு 76 வயது. அந்தக் கோர்ட் வெள்ளைக்காரத் துரைமார்களுக்காகப் போட்டது. பத்து வயதில் நான் அங்கே பந்து பொறுக்கினேன். மட்டையைத் தொட அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்க மட்டும்தான் கை. பின்னாளில் நானே கிராணியாகி, அதே கோர்ட்டில் என் சொந்த மட்டையோடு இறங்கிய மாலை இன்றும் கண்ணில் நிற்கிறது.

அது டன்லப் மேக்ஸ்பிளை ஃபோர்ட். ராட் லேவர் ஆடிய வகை. அவர் 1962இலும் 1969இலும் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றவர். அந்தக் கம்பெனிக்கு மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்பதும் நம் ஆட்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. எந்த மரத்துப் பால் எந்தப் பந்தில் போய்ச் சேர்ந்ததோ, யார் கண்டார்? பால் வெட்டியவர்களின் பிள்ளைகள்தான் அந்தக் கோர்ட்டில் பந்து பொறுக்கினோம்.

மர மட்டையின் தலை 65 முதல் 70 அங்குலம். நம் ஊர் ஈரத்தில் அது சும்மா இருக்காது. ஆடி முடித்ததும் மரச்சட்டத்துக்குள் வைத்து நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கி வைக்க வேண்டும். ஒருமுறை மழைக்கு ஓடிய அவசரத்தில் முடுக்க மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தலை, கரண்டி போல ஒரு பக்கம் வளைந்திருந்தது. ஒரு மாதச் சம்பளம் போனது.

பால்மரத்தான் தம்பி சொல்லும் வாலி சுகம் உண்மை. ஆனால் மரத்தில் ஆடியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வீடன் வீரர் பியோன் போர்க் 1991இல் மான்டி கார்லோ போட்டிக்கு மர மட்டையோடு திரும்பி வந்தார். ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டன் வென்ற கை. எதிரில் ஆடியவர் ஜோர்டி அரேசே, பெரிய பெயர் இல்லை. 6-2, 6-3. போர்க் தோற்றுப் போனார். எதிரியின் பந்து மாறிவிட்டால் நம் மட்டையின் அருமை நம்மோடு நின்றுவிடும்.

தேன்சிட்டு (திங்கள், காலை 6:50)

நான் ஈப்போவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு வருடம் முழங்கை வலியால் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியாமல் இருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது விறைப்பான சட்டம் கொண்ட, எடை குறைந்த புது மட்டை. அதில் பாலியெஸ்டர் நரம்பு. பெண்ணுக்கு எடை குறைந்ததுதான் நல்லது என்று சொல்லியே கடையில் கொடுத்தார்கள்.

என் தம்பி தன் பழைய மட்டையைக் கொடுத்தான். 350 கிராமுக்குக் குறையாது, சட்டம் நன்றாக வளைந்து கொடுக்கும். மூன்று மாதத்தில் வலி குறைந்தது. பந்தின் எடை 58 கிராம் அளவுதான். ஆனால் வேகமாக வரும் பந்து எடை குறைந்த மட்டையில் மோதும்போது மட்டை பின்னால் தள்ளப்படுகிறது, அந்த உதைப்பு முழங்கைக்கு வருகிறது. கனமான மட்டை தானே வாங்கிக்கொள்கிறது. இதை என் கை எனக்குச் சொல்லித் தந்தது. பால்மரத்தான் அண்ணனுக்குத்தான் என் ஆதரவு.

கோர்ட் ஓரம் (திங்கள், காலை 7:30)

அக்கா, உங்கள் கை குணமானதில் மகிழ்ச்சி. ஆனால் மட்டையையும் மாற்றினீர்கள், நரம்பையும் மாற்றினீர்கள். தம்பியின் மட்டையில் பாலியெஸ்டர் இருந்ததா?

தேன்சிட்டு (திங்கள், காலை 7:42)

இல்லை. மென்மையான பல இழை நரம்பு. நீங்கள் கேட்பது நியாயம்தான். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கனத்தின் பங்கு பெரிது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மழைக்கு முன் (திங்கள், இரவு 9:10)

நான்தான் பயிற்சியாளர் சொன்ன படிவம் நான்கு மாணவன். பால்மரத்தான் மாமா நேற்று ஆட்டம் முடிந்ததும் அந்த மட்டையை எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். முதல் ஐந்து பந்தில் மூன்று சட்டத்தில் பட்டு வேலிக்குப் போயின. கையில் மின்சாரம் அடித்தது போல் இருந்தது. ஆனால் ஒரு பந்து, ஒரே ஒரு ஃபோர்ஹேண்ட், சரியாக நடுவில் பட்டது. கையில் எதுவும் தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல. திரும்பிப் பார்த்தால் பந்து கோட்டின் மூலையில் விழுந்திருந்தது. என் மட்டையில் எல்லாப் பந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதில் நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது எனக்குப் புதிது. சார், இதில் பயிற்சி செய்தால் என் அடி சீராகுமா?

கோர்ட் ஓரம் (திங்கள், இரவு 9:45)

தம்பி, வாரத்துக்குப் பத்து நிமிடம் என்றால் சரி, கால்களை வேகமாக நகர்த்த வைக்கும். போட்டிக்கு வேண்டவே வேண்டாம். நீ இப்போது அடிக்கும் டாப்ஸ்பின், மட்டையைக் கீழிருந்து மேலாகப் பந்தின் பின்பக்கம் உரசி எடுக்கும் அடி. அதற்குத் தலைக்குள் இடம் வேண்டும். 1997இல் பிரேசில் வீரர் கூர்த்தன் பாலியெஸ்டர் நரம்போடு வந்து பிரெஞ்சு ஓப்பன் வென்ற பிறகு ஆட்டமே மாறிவிட்டது. அந்த நரம்பு பந்தோடு சறுக்கிப் போய், சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல் பந்தைச் சுழற்றும். 85 அங்குலத்தில் அப்படி உரசப் போனால் நீ கண்டதுதான் நடக்கும்: சட்டத்தில் படும், வேலிக்குப் போகும்.

பால்மரத்தான் அண்ணே, இப்படி எழுதிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வரும் ஞாயிறு என்னோடு இரண்டு செட் ஆடுங்கள். நீங்கள் பழைய மட்டையில், நான் என் மட்டையில். நான் தாழ்வான பந்து தர மாட்டேன், சொல்லிவிட்டேன்.

பால்மரத்தான் (திங்கள், இரவு 9:50)

வருகிறேன். காலை 7:30. கிராணி ஐயாவும் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பால்மரத்தான் (அடுத்த ஞாயிறு, பகல் 12:40)

ஆடி முடித்தாயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் செட் 6-4, எனக்கு. காலைப் பனி கோர்ட்டின் கிழக்கு ஓரத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. ஸ்லைஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினேன். தம்பி தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து தூக்கிக் கொடுக்க, நான் வாலியில் முடித்தேன். எட்டு அல்லது ஒன்பது புள்ளி அப்படியே வந்தது. ஒரு பந்து என் வயிற்றுக்கு நேராக வேகமாக வந்தது. மட்டையைக் குறுக்கே வைத்தேன், அவ்வளவுதான். பந்து வலைக்கு அந்தப் பக்கம் செத்து விழுந்தது. என் புது மட்டையில் அந்தப் பந்து கண்டிப்பாக வெளியே பறந்திருக்கும்.

இரண்டாவது செட் 1-6. வெயில் செம்பனைக்கு மேலே ஏறிய பிறகு நடந்தது இது. பந்து சூட்டில் துள்ள ஆரம்பித்தது. தம்பி என் பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்தில் சுழற்றிச் சுழற்றி அனுப்பினார். கால் அரை அடி பிந்தியது. அந்த அரை அடியை என் 100 அங்குல மட்டை மன்னித்திருக்கும், இது மன்னிக்கவில்லை. கடைசி இரண்டு கேமில் ஐந்து பந்து சட்டத்தில் பட்டது. தோல் பிடி வியர்வையில் ஊறி, சர்வ் போடும்போது ஒருமுறை கையில் சுழன்றது.

ஆகவே நான் முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். புது மட்டையைவிட இதில் நன்றாக ஆடுகிறேன் என்பது முதல் நாற்பது நிமிடத்துக்கு மட்டும் உண்மை. கால் சரியான இடத்துக்குப் போகும் வரை இதற்கு இணை இல்லை. கால் ஓய்ந்ததும் என் மட்டையை எடுத்திருக்க வேண்டும்.

கோர்ட் ஓரம் (ஞாயிறு, பிற்பகல் 2:15)

அண்ணன் நேர்மையாக எழுதியிருக்கிறார், நானும் எழுத வேண்டும். முதல் செட்டில் அந்த ஸ்லைஸுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆட்டம் முடிந்து மட்டையை வாங்கி, வலையருகே நின்று இருபது வாலி அடித்தேன். நான் வேகமாக அனுப்பச் சொன்ன பந்துகள். மட்டை கையில் அசையவே இல்லை. புத்தகத்தில் படித்துச் சொல்லிக்கொடுக்கும் "வாலியில் மட்டையை வீசாதே" என்ற பாடம் எந்த மட்டையிலிருந்து பிறந்தது என்று இன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 12 வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு 358 கிராமைத் தாங்காது. போட்டியில் எதிரி பாலியெஸ்டரில் சுழற்றும்போது நம் பிள்ளை மட்டும் 1980களில் நிற்கக் கூடாது.

ஆனால் அண்ணே, உங்கள் இழுவை தவறு. 58 பவுண்டு எதற்கு? சாம்ப்ராஸைப் பார்த்து இறுக்காதீர்கள். 50க்கு இறக்குங்கள். நரம்பு இன்னும் உள்வாங்கி வீசும், பிந்திய பந்துக்கும் ஆழம் கிடைக்கும்.

பழைய கிராணி (ஞாயிறு, மாலை 5:00)

நானும் பார்த்தேன். வேலிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள், நன்றி.

நரம்பை அவிழ்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. தலையின் ஓரத்தில் நரம்பு நுழையும் பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். இன்று கையில் வாங்கிப் பார்த்தேன். மேல் பக்கம் இரண்டு துளையில் பிளாஸ்டிக் விண்டிருக்கிறது. அது உடைந்தால் நரம்பு நேராகச் சட்டத்தில் உரசி அறுந்துபோகும். பழைய மட்டைக்கு அந்தப் பட்டை இப்போது எளிதில் கிடைக்காது. பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் கடையில் கொடுத்தால், சட்டத்தை ஆறு இடத்தில் தாங்கிப் பிடிக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூப்பந்துக்கு இருபத்தைந்து பவுண்டு, இதற்கு ஐம்பது. இரண்டு இடத்தில் மட்டும் தாங்கி இழுத்தால் சட்டத்தின் வடிவம் கெட்டுவிடக்கூடும். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு நல்ல மட்டையை இழந்தார்.

தேன்சிட்டு (ஞாயிறு, மாலை 5:25)

ஈப்போவில் என் மட்டைக்குக் கட்டுபவரிடம் அந்த இயந்திரம் இருக்கிறது, ஐயா. புதன்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறேன். அண்ணே, செவ்வாய் மாலைக்குள் மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் நானே எடுத்துப் போகிறேன். விண்ட துளை இரண்டுக்கும் மெல்லிய குழாய் போட்டுத் தருவார். என் தம்பியின் மட்டைக்கு அப்படித்தான் செய்தார். நரம்பு எது என்று சொல்லிவிடுங்கள்.

பால்மரத்தான் (ஞாயிறு, மாலை 5:40)

செவ்வாய் ஆறு மணிக்கு வருகிறேன், அம்மா. உன் தம்பியின் மட்டையில் இருக்கும் அதே பல இழை நரம்பு, 50 பவுண்டு. தோலுக்கு மேலே வியர்வை வாங்கும் துணிச்சுற்று ஒன்றும் போடச் சொல். காரின் பின்பெட்டியில் வைக்காதே, வெயிலில் நரம்பு தளர்ந்துவிடும். அப்பா சுற்றி வைத்திருந்த துணியோடு தருகிறேன், அதிலேயே சுற்றிக் கொண்டு போ.

மழைக்கு முன் (ஞாயிறு, மாலை 5:52)

மாமா, 50 பவுண்டில் கட்டி வந்ததும் எனக்கு மறுபடி பத்து நிமிடம் தருவீர்களா? சார் அனுமதி கொடுத்துவிட்டார்.